காட்மியம் செலினைடு நானோபடிகங்கள்: அதிக நேரம் வளர்த்தால் அளவு ஏன் சிதறுகிறது?

புதுத்துகள் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. ஆய்வுப் படிப்பில் முதலாமாண்டு மாணவன் நான். காட்மியம் செலினைடு நானோபடிகங்களைக் கரைசலில் வளர்த்துக்கொண்டிருக்கிறேன். செய்முறை உங்களில் பலருக்குப் பழகியதுதான். காட்மியம் ஆக்சைடை ஓலெயிக் அமிலத்தோடு ஆக்டாடெசீனில் போட்டு, ஆர்கான் வாயுவின் கீழ் சூடாக்கினால் பழுப்பு நிறம் மறைந்து தெளிந்த கரைசல் கிடைக்கும். 280 டிகிரியில் ட்ரைஆக்டைல்பாஸ்பீனில் கரைத்த செலினியத்தை ஊசியால் ஒரே மூச்சில் செலுத்துகிறேன். அப்புறம் வெப்பநிலையை 250-இல் நிறுத்தி வளரவிடுகிறேன். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறம் கண்ணெதிரே மாறுகிறது.

முதல் சில நிமிடங்களில் எடுக்கும் சாம்பிள்கள் அருமையாக இருக்கின்றன. உட்கவர் நிறமாலையில் முதல் முகடு கூர்மையாக நிற்கிறது, அதாவது துகள்கள் ஏறக்குறைய ஒரே அளவு. ஒளிர்வு முகடும் ஒடுங்கியிருக்கிறது. எனக்கு இன்னும் பெரிய துகள் வேண்டும் என்பதால் அதே வெப்பத்தில் தொடர்ந்து வைத்திருக்கிறேன். முகடு சிவப்புப் பக்கம் மெல்ல நகர்கிறது, உண்மைதான். ஆனால் நகர நகர அகன்றுகொண்டே போகிறது. கடைசியில் முகடே இல்லாமல் ஒரு சரிவு மட்டும் மிஞ்சுகிறது.

என் சந்தேகங்கள் இவை. பாடத்தில் உள்ள லாமெர் வரைபடத்தின்படி கருக்கள் (படிகம் தொடங்கும் முதல் நுண்துகள்கள்) எல்லாம் ஒரே நேரத்தில் வெடித்துக் கிளம்புகின்றன, பிறகு புதிய கரு உருவாவதில்லை. ஒரே நேரத்தில் பிறந்தவை ஒரே அளவில்தானே வளர வேண்டும்? என் வழிகாட்டி, "சின்னது கரையும், பெரியது வளரும்" என்கிறார். ஒரே பொருள், ஒரே கரைசல், ஒரே வெப்பம். அதில் ஒன்று எப்படிக் கரையும், இன்னொன்று எப்படி வளரும்? அளவு சிதறாமல் பெரிய படிகங்களை வளர்க்க வழி உண்டா?

செவ்வொளி

உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: கரைசலில் மிச்சமிருக்கும் மோனோமர், அதாவது படிகத்தில் இன்னும் சேராத கட்டுமான அலகு. கடிகாரத்தையும் துகளையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபடாது. பல ஆண்டுகளாக இந்த வகைக் குடுவைகளோடுதான் என் வேலை. என்னிடம் வரும் மாணவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே, "அந்த நேரத்தில் கரைசலில் எவ்வளவு மிச்சம் இருந்தது?" என்பதுதான். நிமிடக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். படிகத்தின் உள்ளே இருக்கும் அணுவுக்கு எல்லாப் பக்கமும் துணை உண்டு. மேற்பரப்பில் இருப்பதற்குச் சில பிணைப்புகள் குறைவு. துகள் சிறிதாகச் சிறிதாக, மேற்பரப்பில் இருக்கும் அணுக்களின் பங்கு கூடுகிறது. அதனால் சிறிய துகள் எளிதில் கரையும், பெரியது அவ்வளவு எளிதில் கரையாது. கிப்ஸ்–தாம்சன் விளைவு என்பது இதுதான். ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனிக் கரைதிறன் உண்டு என்று மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பெரிய துகளுக்கு அதிதெவிட்டிய நிலையில் இருக்கும் அதே கரைசல், சிறிய துகளுக்குத் தெவிட்டாத கரைசலாக இருக்க முடியும். அப்போது ஒன்று வளரும், பக்கத்திலேயே இன்னொன்று கரையும். உங்கள் வழிகாட்டி சொன்னதில் புதிர் எதுவும் இல்லை.

கரையவும் செய்யாமல் வளரவும் செய்யாமல் எல்லையில் நிற்கும் அளவைத்தான் மாறுநிலை ஆரம் என்கிறோம். கரு உருவாவதற்கான கணக்கிலும் இதே ஆரம்தான் வரும். மேற்பரப்பு உருவாக்க ஆகும் ஆற்றல் ஆரத்தின் இருமடிப்படி ஏறுகிறது. திண்மமாக மாறுவதில் கிடைக்கும் ஆற்றல் மும்மடிப்படி ஏறுகிறது. ஆரம் சிறிதாக இருக்கும்வரை செலவு முந்தும், ஓர் அளவைத் தாண்டியபின் வரவு முந்தும். அந்த எல்லை எங்கே விழும் என்பதைக் கரைசலின் தெவிட்டல் அளவு தீர்மானிக்கிறது. பலர் தவறவிடும் இடம் இதுதான்: மாறுநிலை ஆரம் ஒரு நிலையான எண் அல்ல. மோனோமர் குறையக் குறைய அது ஏறிக்கொண்டே போகிறது.

எண்களைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். லிகண்ட் (துகளைச் சுற்றி ஒட்டி நிற்கும் ஓலெயிக் அமிலம் போன்ற மூலக்கூறு) போர்த்திய மேற்பரப்பின் ஆற்றலைக் கணக்குக்காகச் சதுர மீட்டருக்கு 0.1 ஜூல் என்று வைத்துக்கொள்கிறேன். காட்மியம் செலினைடின் மோலார் கன அளவு சுமார் 33 கன சென்டிமீட்டர். வெப்பம் உங்கள் 250 டிகிரி. இவற்றைச் சமன்பாட்டில் போட்டால், 1.5 நானோமீட்டரைத் தெவிட்டல் விகிதத்தின் இயல் மடக்கையால் வகுத்தால் மாறுநிலை ஆரம் வருகிறது. கரைசலில் மோனோமர் அதன் சமநிலை அளவைப் போல் 10 மடங்கு இருக்கும்போது மாறுநிலை ஆரம் சுமார் 0.66 நானோமீட்டர். 4 மடங்காகக் குறைந்தால் 1.1. இரண்டு மடங்குக்கு வந்துவிட்டால் 2.2. ஒன்றரை மடங்கில் 3.7.

இப்போது உங்கள் குடுவையில் 2.0 நானோமீட்டர் ஆரமுள்ள ஒரு துகளும் 2.3 ஆரமுள்ள இன்னொன்றும் மிதப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வளர்ச்சியை விரவல்தான் (மோனோமர் கரைசலில் நகர்ந்து துகளை வந்தடைவது) கட்டுப்படுத்துகிறது என்று எடுத்துக்கொண்டால், வளர்ச்சி வேகம் மாறுநிலை ஆரத்தைப் போல் இரண்டு மடங்கில் உச்சத்தைத் தொட்டுவிட்டு, அதற்கு மேல் இறங்குகிறது. 10 மடங்குத் தெவிட்டலில் உச்சம் 1.3-இல் இருக்கிறது. இரண்டு துகளும் அதைத் தாண்டி நிற்பதால், சிறியது பெரியதைவிட வேகமாக வளர்ந்து அதை எட்டிப்பிடிக்கிறது. அளவுகள் நெருங்குகின்றன. உங்கள் முதல் சில நிமிடச் சாம்பிள்களின் கூர்மை இங்கிருந்து வருகிறது. 4 மடங்கில் உச்சம் 2.2-க்கு வந்து சேர்கிறது; இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகம். 2 மடங்கில் மாறுநிலை ஆரமே 2.2 ஆகிவிட, 2.0 துகள் கரைகிறது, 2.3 துகள் வளர்கிறது. துகள்களில் எந்த மாற்றமும் இல்லை. கரைசல் மட்டும்தான் மெலிந்தது. அதிலேயே குவிதல் சிதறலாக மாறிவிட்டது.

விரவலால் வளரும்போது துகள்களின் அளவுப் பரவல் ஒடுங்கும் என்பதை 1951-லேயே ஹோவர்ட் ரைஸ் காட்டினார். ஆனால் அவர் கணக்கில் இந்த மேற்பரப்பு விளைவு இல்லை. நீங்கள் கையாளும் இதே காட்மியம் செலினைடில் குவிதலையும் சிதறலையும் சோதனையாகக் காட்டியவர்கள் பெங், விக்காம், அலிவிசாட்டோஸ் மூவரும், 1998-இல். சிதறத் தொடங்கிய கரைசலில் மோனோமரை மறுபடி செலுத்தியதும் பரவல் திரும்பவும் ஒடுங்கியது. அந்த முடிவைப் பார்த்த பிறகு நேரத்தை மட்டும் குறித்துவைக்கும் சாம்பிள் அட்டவணைகளை என்னால் ஏற்கவே முடிவதில்லை.

லாமெருக்கு வருவோம். அவரும் டினேகரும் 1950-இல் எழுதியது கந்தகக் கூழ்மத்தைப் பற்றி. மோனோமர் மெல்லச் சேர்ந்து, ஓர் உச்சவரம்பைத் தாண்டியதும் கருக்கள் கொத்தாகக் கிளம்பும். அவையே மோனோமரை உறிஞ்சிச் செறிவை வரம்புக்குக் கீழே இறக்கிவிடும். அதனால் புதுக்கரு நின்றுபோகும். கரு உருவாதல் ஏன் தானாக நிற்கிறது என்பதற்கு அது அழகான விளக்கம். பிறந்த பிறகு என்ன நடக்கும் என்பதை அந்தப் படத்தின் வலதுபக்க வால்பகுதி சொல்லாமல் சொல்கிறது, ஆனால் அங்கே யாரும் நின்று பார்ப்பதில்லை. செறிவு சமநிலையை நெருங்கும் அந்த வாலில்தான் ஆஸ்ட்வால்ட் முதிர்ச்சி, அதாவது சின்னது கரைந்து பெரியது வளர்வது, நடக்கிறது. லிஃப்ஷிட்ஸ், ஸ்லியோசோவ், வாக்னர் ஆகியோர் 1961-இல் தந்த கணக்குப்படி அந்தக் கட்டத்தில் சராசரி ஆரத்தின் மும்மடிதான் நேரத்தோடு நேர்கோட்டில் ஏறும். உங்கள் முகடு முதலில் ஓடியதும் பிறகு நகரவே யோசிப்பதும் இதனால்தான்.

உங்கள் கரைசல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை அறியப் புதிய கருவி எதுவும் வேண்டாம். ஒவ்வொரு சாம்பிளையும் எடைபோட்டு, தெரிந்த கன அளவு டொலுயீனில் கரைத்து, 350 நானோமீட்டர் அலைநீளத்தில் உட்கவர் அளவைப் பாருங்கள். அந்த அலைநீளத்தில் உட்கவர்தல் துகளின் அளவைப் பொறுத்ததல்ல. மொத்தம் எவ்வளவு காட்மியம் செலினைடு படிகமாக இருக்கிறது என்பதையே பொறுத்தது. 350-இல் அளவு ஏறிக்கொண்டிருந்தால் மோனோமர் இன்னும் படிகத்துக்குள் போகிறது. அது சமதளமாகிவிட்டு, முதல் முகடு மட்டும் சிவப்புக்கு நகர்ந்தால், வெளியிலிருந்து சரக்கு எதுவும் வரவில்லை. ஒன்றைக் கரைத்துத்தான் இன்னொன்று வளர்கிறது. இதைச் செய்து பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஊசியில் செலுத்துவது மோனோமர் அல்ல. செலினியமும் காட்மியம் ஓலியேட்டும் வினைபுரிந்த பிறகு உருவாவதுதான் மோனோமர். அந்த வினையின் வேகம்தான் எத்தனை கருக்கள் பிறக்கும் என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்கிறது. ஓவன் குழுவினர் 2015-இல் கந்தகம் தரும் பதிலீடு செய்த தயோயூரியாக்களின் வரிசை ஒன்றை வைத்து உலோகச் சல்பைடுகளில் இதைக் காட்டினார்கள்: வேகமாக வினைபுரியும் தயோயூரியா அதிகக் கருக்களையும் சிறிய படிகங்களையும் தரும், மெதுவானது குறைந்த கருக்களையும் பெரிய படிகங்களையும் தரும். உங்கள் ட்ரைஆக்டைல்பாஸ்பீன் பாட்டில் மாறும்போது முடிவுகளும் மாறினால் ஆச்சரியப்படாதீர்கள். அதில் மாசாக இருக்கும் இரண்டாம்நிலை பாஸ்பீன்கள்தான் செலினியத்தைப் பெரிதும் வினைக்கு இழுப்பவை என்று 2010-இல் தெரியவந்தது. பாட்டிலின் தூய்மை விழுக்காட்டையும் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

பொன்னீர்

செவ்வொளி சொன்ன கணக்கில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கரைசலில் படிகம் வளர்வதென்றால் மோனோமர் ஒவ்வொன்றாக ஒட்டுவது மட்டும்தான் என்ற எண்ணத்தில் யாரும் இந்தத் திரியை விட்டுப் போகக்கூடாது. நான் தங்கத்தில் வேலை செய்பவன்.

சிட்ரேட் முறையைப் பாருங்கள். 1951-இல் டர்கெவிச், ஸ்டீவன்சன், ஹில்லியர் மூவரும் விரிவாக ஆராய்ந்த முறை. கொதிக்கும் தங்கக் குளோரைடு கரைசலில் சிட்ரேட் ஊற்றியதும் வெளிர்மஞ்சள் மறைந்து நிறமற்றுப் போகும். பிறகு ஒரு கருநீலம் படரும், ஊதாவாகும், கடைசியில் மாணிக்கச் சிவப்பில் வந்து நிற்கும். சிட்ரேட்டின் விகிதத்தைக் குறைத்தால் துகள் பெரிதாகும் என்று 1973-இல் ஃபிரென்ஸ் காட்டினார். சுமார் 16 முதல் 150 நானோமீட்டர் வரை அவரால் தேர்ந்தெடுக்க முடிந்தது. இதற்கும் லாமெர் வரைபடத்தையே பல காலம் ஒட்டிவந்தார்கள்.

2010-இல் போல்ட்டேயும் கூட்டாளிகளும் வினை நடந்துகொண்டிருக்கும்போதே எக்ஸ் கதிர்ச் சிதறலால் துகள்களின் அளவையும் எண்ணிக்கையையும் பின்தொடர்ந்தார்கள். தெரிந்தது வேறு கதை. முதலில் மிகச் சிறிய துகள்கள் ஏராளமாகத் தோன்றுகின்றன. அவை ஒன்றோடொன்று இணைந்து எண்ணிக்கை குறைகிறது. பிறகு நெடுநேரம் மெதுவான வளர்ச்சி. தங்கத்தின் பெரும்பகுதி படிவது கடைசிக் கட்டத்தில், வேகமாக. அங்கே கரு வெடித்துக் கிளம்பி, பிறகு அமைதியாக வளர்ந்தது என்ற வரிசையே இல்லை. எத்தனை துகள் கடைசியில் நிற்கும் என்பதை அந்த இணைதல்தான் முடிவுசெய்கிறது. மேற்பரப்பின் மின்சுமை ஒன்றையொன்று எவ்வளவு விலக்குகிறது என்பது அங்கே முக்கியம்.

இரிடியத்தில் வாட்ஸ்கியும் ஃபின்கேயும் 1997-இல் முன்வைத்த விளக்கமும் இப்படித்தான்: கரு உருவாதல் மெதுவாகத் தொடர்ந்து நடக்கிறது, அதோடு உலோகப் பரப்பே தன் மேல் படிவதை ஊக்குவிக்கும் தன்வினையூக்கம் சேர்ந்துகொள்கிறது. வெடிப்பு இல்லாமலேயே ஒடுங்கிய பரவல் கிடைக்கிறது.

இன்னொரு வகை, படிகங்கள் முழுதாகவே ஒட்டிக்கொள்வது. டைட்டானியம் டை ஆக்சைடில் பென்னும் பேன்ஃபீல்டும் 1998-இல் இதைக் காட்டினார்கள். அனடேஸ் (அதன் ஒரு படிக வடிவம்) துகள்கள் முகத்தோடு முகம் பொருந்தி ஒரே படிகமாகின்றன. பொருத்தம் கொஞ்சம் தவறினால் அந்த இடத்தில் படிகப் பிறழ்வு பிறக்கிறது. 2012-இல் இரும்பு ஆக்ஸிஹைட்ராக்சைடைத் திரவத்துக்குள்ளேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்தபோது, இரண்டு துகள்கள் நெருங்கி, திரும்பித் திரும்பி, அணுத்தளங்கள் ஒரே திசைக்கு வந்ததும் சட்டென்று சேர்ந்துகொள்வதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. நான் எத்தனையோ தடவை பார்த்த படம் அது, இன்னும் அலுக்கவில்லை.

ஆகவே புதுத்துகள், 350-ஐ மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். துகள்கள் இணைந்தாலும் மொத்தப் பொருள் மாறாது, முகடு சிவப்புக்கு நகரும். முதிர்ச்சியும் இணைதலும் அந்த அளவீட்டில் ஒன்றுபோலவே தெரியும்.

செவ்வொளி

பொன்னீர் சொல்வது சரி, அந்தக் கடைசிக் குறிப்பு அவசியமானது. 350 அளவீடு மோனோமர் வரத்து நின்றதைச் சொல்லும்; எந்த வழியில் பெரிதாகிறது என்பதைச் சொல்லாது.

பிரித்தறிய எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் வேண்டும். முதிர்ச்சி என்றால் பெரியவை உருண்டையாகவே இருக்கும், அவற்றோடு சராசரியைவிடச் சிறிய துகள்களின் ஒரு நீண்ட வால் தெரியும். இணைதல் என்றால் இரட்டைத் துகள்கள், இடுப்பு ஒடுங்கிய வடிவங்கள், சராசரிக் கன அளவைப் போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு உள்ளவை கண்ணில் படும். ஓலெயிக் அமிலம் தாராளமாக இருக்கும் காட்மியம் செலினைடில் முதிர்ச்சியே முதல் சந்தேக நபர். நீண்ட கரிமச் சங்கிலிகள் துகள்களை நெருங்கவிடுவதில்லை. அந்தப் போர்வையைக் குறைத்தால் நிலைமை மாறும்: காட்மியம் டெல்லுரைடில் நிலைப்படுத்தியைக் களைந்ததும் துகள்கள் வரிசையாகச் சேர்ந்து கம்பிகளாகிவிட்டன என்று கோடோவ் குழு 2002-இல் காட்டியது.

தங்கத்துக்கும் இதற்கும் நடுவிலுள்ள முக்கிய வேறுபாடு, என் பார்வையில், திரும்பிக் கரைய முடியுமா என்பதுதான். 250 டிகிரியில் லிகண்டுகள் சூழ்ந்திருக்கும் காட்மியம் செலினைடின் அணுக்கள் மேற்பரப்பை விட்டுக் கரைசலுக்குத் திரும்ப முடியும். நீரில் இருக்கும் தங்க அணுவுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. கரைய வழியில்லாத இடத்தில் மாறுநிலை ஆரத்தைப் பற்றிப் பேசுவதில் பெரிய பயன் இல்லை; இணைதல்தான் வழி. இரண்டு பொருளுக்கும் ஒரே வரைபடத்தை ஒட்டியதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

காந்தப்பொடி

இடையில் ஒரு கேள்வி. நான் இரும்பு ஆக்சைடு செய்கிறேன். இரும்பு ஓலியேட்டை ஆக்டாடெசீனில் கலந்து மெதுவாகச் சூடேற்றிக் கொதிநிலைக்குக் கொண்டுபோவதுதான் எங்கள் முறை. ஊசியால் எதையும் திடீரென்று செலுத்துவதில்லை. ஆனாலும் எல்லாத் துகளும் ஒரே அளவில் வருகின்றன. திடீர் செலுத்தல் இல்லாமல் கருக்கள் எப்படி ஒரே நேரத்தில் கிளம்புகின்றன?

செவ்வொளி

நல்ல கேள்வி. ஊசி என்பது அதிதெவிட்டலை உண்டாக்கும் ஒரு வழி மட்டுமே. 1993-இல் மர்ரே, நாரிஸ், பவெண்டி மூவரும் சூடான கரைப்பானில் குளிர்ந்த மூலப்பொருளைச் செலுத்தியபோது, அந்தச் செலுத்தலே வெப்பத்தையும் சட்டென்று இறக்கியது. கரு உருவாதல் அங்கேயே அறுந்தது. வளர்ச்சியைப் பிறகு தனியாக, மெல்லச் சூடேற்றி நடத்தினார்கள். பவெண்டிக்கு 2023-இல் புரூஸ், எகிமோவ் ஆகியோரோடு நோபல் பரிசு கிடைத்ததில் இந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு.

உங்கள் முறையில் அந்த வேலையை வெப்பச் சிதைவு செய்கிறது. 2004-இல் ஹியோன் குழு இதை வெளியிட்டபோது தந்த விளக்கம்: இரும்பு ஓலியேட்டிலுள்ள மூன்று ஓலியேட்டுகளில் ஒன்று 200 முதல் 240 டிகிரிக்குள் பிரிந்து கருக்கள் உருவாகின்றன, மற்ற இரண்டும் சுமார் 300 டிகிரியில் பிரிந்து வளர்ச்சிக்குத் தீனி போடுகின்றன. இரண்டு கட்டங்களும் நேரத்தில் விலகுவதற்குப் பதில் வெப்பநிலையில் விலகி நிற்கின்றன. கரைப்பானின் கொதிநிலையைக் கூட்டியதும் துகள் பெரிதானது: ஹெக்ஸாடெசீனில் 5 நானோமீட்டர், ஆக்டாடெசீனில் 12, ட்ரைஆக்டைலமீனில் 22. ஒரே வினையில் 40 கிராம் எடுத்தார்கள். ஊசி முறையில் அதை நினைத்துப் பார்ப்பதே கடினம். குடுவை பெரிதானால் செலுத்தும் கன அளவும் பெரிதாகும், கலப்பதற்கு நேரமாகும், கரைசலின் ஒரு மூலையில் கரு பிறக்கும்போது இன்னொரு மூலைக்குச் செலினியமே போய்ச் சேர்ந்திருக்காது.

புதுத்துகள்

எல்லோருக்கும் நன்றி, குறிப்பாகச் செவ்வொளி அக்காவுக்கும் பொன்னீர் அண்ணனுக்கும். புதிதாக ஒரு வினை வைத்து, சாம்பிள்களை எடைபோட்டு 350-இல் அளந்தேன். அக்கா சொன்னதுபோலவே வந்தது. முதல் ஐந்தாறு நிமிடம் ஏறுகிறது, பிறகு சமதளம். முகடு அகலத் தொடங்குவதும் சரியாக அந்தத் திருப்பத்தில்தான். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தில் இரட்டைத் துகள்கள் அரிதாகவே இருக்கின்றன. சிறியவற்றின் வால் நன்றாகத் தெரிகிறது. அப்படியானால் முதிர்ச்சிதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது பெரிய படிகத்துக்கு என்ன செய்வது? சமதளம் வரும் நேரத்தில் மீண்டும் ஒரு முறை செலினியத்தைச் செலுத்தலாமா?

செவ்வொளி

செலுத்தலாம், ஆனால் ஒரே மூச்சில் வேண்டாம் தம்பி. முதலில் எவ்வளவு தேவை என்ற கணக்கைப் பாருங்கள். ஆரம் 2-லிருந்து 3 நானோமீட்டருக்குப் போக வேண்டுமென்றால் கன அளவு 8 பங்கிலிருந்து 27 பங்காகிறது. எல்லாத் துகளும் அப்படி வளர, இப்போது படிகத்தில் இருப்பதைப் போல் கிட்டத்தட்ட 2.4 மடங்கு பொருள் வெளியிலிருந்து வர வேண்டும். எதுவும் சேர்க்காமல் வெறுமனே காத்திருந்து அந்த அளவை எட்டினால், பத்தில் ஏழு துகள்கள் கரைந்துபோயிருக்கும். மிச்சம் மூன்றுதான் அந்தத் தீனியில் வளர்ந்திருக்கும். இதுவரை நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தது இந்த இரண்டாவது வழியை.

அந்த 2.4 மடங்கையும் ஒரேயடியாக ஊற்றினால் செறிவு கரு உருவாகும் வரம்பைத் தாண்டிவிடும், புதுக்கருக்கள் கிளம்பிவிடும். சிரிஞ்ச் பம்பில் மெதுவாகச் சொட்டவிடுங்கள். செலினியம் மட்டும் போதாது, காட்மியம் ஓலியேட்டும் சேர வேண்டும்; காட்மியம் எப்போதும் சற்றுக் கூடுதலாகவே இருக்கட்டும். 350-இல் சமதளம் வருவதற்கு முன்பே, ஏற்றம் தளரத் தொடங்கும் இடத்தில் சொட்டு ஆரம்பிக்க வேண்டும். சமதளம் வந்தபின் தொடங்கினால், ஏற்கெனவே சிதறியதைத் திரும்பக் குவிக்கவே முதல் பகுதி செலவாகும்.

வேகத்தை நிறமாலையே சொல்லும். முதல் முகட்டுக்கு நீலப்பக்கம், குறைந்த அலைநீளத்தில், புதிதாக ஒரு தோள்பட்டை முளைத்தால் புதுக்கரு பிறந்துவிட்டது, வேகத்தைப் பாதியாக்குங்கள். முகடு அகன்றால் தீனி போதவில்லை, கூட்டுங்கள். துகள் பெரிதாகும்போது மொத்த மேற்பரப்பும் கூடுவதால், ஆரம்பத்தில் அதிகமாக இருந்த அதே வேகம் பின்னால் போதாமல் போகும். அதனால் ஆரம் கூடக் கூடச் சொட்டின் வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றலாம்.

இன்னொரு வழி, தொடக்கத்திலேயே குறைந்த கருக்கள் பிறக்கும்படி செய்வது. ஓலெயிக் அமிலத்தைக் கூட்டினால் கருக்கள் குறையும், இருக்கிற மோனோமரைக் குறைந்த துகள்கள் பங்கிட்டுக்கொள்ளும், ஒவ்வொன்றும் பெரிதாகும். இரண்டையும் சேர்த்துச் செய்யலாம், ஆனால் ஒன்றை மாற்றும்போது மற்றதை அப்படியே வையுங்கள். இல்லாவிட்டால் எது எதைச் செய்தது என்று தெரியாது. வேலை முழுக்க ஃப்யூம் ஹுட்டுக்குள் நடக்கட்டும். காட்மியம் கலந்த கழிவும், சாம்பிள் எடுத்த ஊசிகளும் தனிக் கொள்கலனில் போக வேண்டும்.

பொன்னீர்

ஒரு சின்னச் சேர்க்கை. சொட்டவிடும் முன்பு அந்த மூலப்பொருளையும் ஆர்கானில் வாயுநீக்கிவிடுங்கள். நீண்ட நேரச் சொட்டில் ஆக்சிஜனும் ஈரமும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். ஒளிர்வு மங்கினால் அதை அளவுச் சிதறலோடு குழப்பிக்கொள்ள நேரும்.

புதுத்துகள்

சரி அண்ணா. சிரிஞ்ச் பம்ப் எங்கள் கூடத்திலேயே ஒன்று இருக்கிறது. முதலில் ஓலெயிக் அமிலத்தை மாற்றாமல் சொட்டை மட்டும் வைத்துப் பார்க்கிறேன். 350 அளவு, முகட்டின் இடம், அதன் அகலம் மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டு இங்கேயே பதிகிறேன்.